கழுத்து அட்டைக்காரர்கள்

விஜயராணி எங்கள் மகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஒளிந்துகொள்வதைத்தான். சோறு, தண்ணீர், அம்மா, அப்பா என்பதற்கெல்லாம் கைச்சாடை பிறகுதான் வந்தது.

தேஜஸ்ரீக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அப்போது விஜயராணி ஒரு பவர் டேபிளில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். பவர் டேபிள் என்றால் பெரிய கம்பெனிக்காரனுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்னச் செட்டு. தகரக் கூரை, வரிசையாகத் தையல் மிஷின், மூலையில் மலையாக வேஸ்ட் துணி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? உறவெல்லாம் கமுதிப் பக்கம் கிடக்கிறது. இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். அங்கே இன்னும் பல தாய்மார்கள் அப்படித்தான் வந்தார்கள்.

அவ்வப்போது ஆடிட் வரும். வெளிநாட்டில் துணி வாங்குகிறவன் அனுப்புகிற ஆட்கள். சட்டை மடிப்புக் கலையாமல் வருவார்கள். கழுத்தில் நாடா, நாடாவில் அட்டை. செட்டுக்குள் ஒரு பிள்ளையைக் கண்டால் போதும், குழந்தைகளை வேலைக்கு வைத்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். ஆர்டர் போகும். ஆர்டரோடு எல்லாருடைய வேலையும் போகும். அதனால் வாசலில் நிற்கிற சூப்பர்வைசர் விசில் ஊதியதும் தாய்மார்கள் பிள்ளைகளை வாரி வேஸ்ட் குவியலுக்குள் போட்டு மூடிவிடுவார்கள். பனியன் துணி மெத்தென்று இருக்கும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அட்டைக்காரர்கள் போகும்வரை ஒன்றும் மூச்சு விடாது.

தேஜஸ்ரீக்கு விசில் கேட்காதே. விஜயராணி அதற்கு ஒரு சாடை வைத்தாள். இரண்டு விரலைக் கழுத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் நெஞ்சுக்குழிவரை இழுத்துக் காட்டினால் அட்டைக்காரன் வருகிறான் என்று அர்த்தம். கொஞ்ச நாளில் சாடையும் தேவைப்படவில்லை. அட்டையைக் கண்டதும் அவளே பாய்ந்துவிடுவாள். ஒரு தடவை டவுன் பஸ்ஸில் அட்டை மாட்டிய ஒரு பெண் ஏறியதற்கு இவள் சீட்டுக்கு அடியில் போய்விட்டாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெளியே வருவதற்கும் ஒரு சாடை இருந்தது. அது தாய்க்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்தது. என்ன என்று நான் கேட்டதில்லை.

பிறகு செட்டுப் பள்ளிக்கூடம் வந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் போர்டில் எழுதியிருக்கிறது. ஆனாலும் மூடிப்போன நிட்டிங் செட்டில் நடப்பதால் எல்லாரும் செட்டுப் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வோம். சின்னப் பிள்ளைகளுக்கானது. எந்த ஊர், எந்தச் சாதி, எந்தப் பாஷை என்று கேட்கமாட்டார்கள். காலில் இரும்புச் சட்டம் மாட்டிய கவின் அங்கே இருந்தான். ஒடிசாக்காரர் நிரஞ்சனின் மகன் சோனு இருந்தான். காது கேட்காத என் மகளும் இருந்தாள். வேலை முடிந்து நாங்கள் வரும்வரை வைத்துக்கொள்வார்கள்.

சத்யப்பிரியா டீச்சர் எல்லாப் பிள்ளைகளுக்கும் கைச்சாடையைச் சொல்லிக்கொடுத்தார். தமிழ் தெரியாததும் ஒடியா தெரியாததும் இந்தி தெரியாததும் ஒன்றாக உட்கார்ந்திருந்த இடத்தில் அந்தச் சாடைதான் பொதுப் பாஷை ஆயிற்று. அதில் கெட்டிக்காரி என் மகள்.

"உங்க புள்ளைதானுங்க இங்க லீடரு," என்பாள் ஆயா ரங்காத்தாள். "வாயத் தொறக்காமயே இத்தன புள்ளைகள மேய்க்குதுங். எங்கூட்ல நான் வாயத் தொறந்தே ஒருத்தரும் கேக்கறதில்ல."

நிரஞ்சன் தன் மகனைக் கூட்டிப்போக வரும்போது சட்டைப் பையில் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். சோனுவுக்கு ஒன்று, தேஜஸ்ரீக்கு ஒன்று, கவினுக்கு ஒன்று. அவர் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்குக் கீழே வேலை பார்க்கிறவர். தமிழ் கொஞ்சம் வரும்.

இந்தச் செட்டின் பின்பக்கம் வேறொரு ஆளின் கட்டிங் யூனிட் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தின் பின்கதவைத் திறந்தால் ஒரு சந்து. சந்தில்தான் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைப் போட்டுவைப்பார்கள். அந்த மூட்டைகளை எடுத்துப் போகிற ஆள் நான். எனக்கு வேஸ்ட் குடோனில் லோடு வேலை. தவசி குட்டியானை வண்டியை ஓட்டுவான், நான் மூட்டை ஏற்றுவேன். வீரபாண்டி தாண்டி இருக்கிற குடோனில் இறக்குவோம். அங்கே பிரஸ் மிஷினில் போட்டு நசுக்கி, பட்டை கட்டி, பேலாக்கி வெள்ளகோவில் மில்லுக்கு அனுப்புவார்கள். மில்லில் அதைப் பல் வைத்த மிஷினில் கிழித்துத் திரும்பப் பஞ்சாக்குவார்கள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு உதவி செய்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நல்ல துணி போட்டு அனுப்புங்கள் என்றார்கள். விஜயராணி மஞ்சள் கவுன் போட்டு, சிவப்பு ரிப்பன் வைத்து இரட்டைச் சடை பின்னிவிட்டாள். இப்போது அவளுக்கு ஒரு பெரிய கம்பெனியில் செக்கிங் வேலை. பஸ் பிடிக்க ஓடிக்கொண்டே, "ஆடப் போறாளாம்ங்க. பாட்டு கேக்காட்டியும் டீச்சர் கையப் பாத்து ஆடுவாளாம். வண்டி அந்தப் பக்கம் போச்சுன்னா ஒரு எட்டு எட்டிப் பாருங்க," என்றாள்.

வண்டி அந்தப் பக்கம் போனது. சந்துக்குள் நுழையும்போதே கட்டிங் யூனிட் சூப்பர்வைசர் எதிரே ஓடி வந்தார்.

"அண்ணா, வெரசா எடுங்ணா. முன்னால வெள்ளக்காரங்க வந்து நிக்கறாங்க. பின்னால வந்து இந்தக் குப்பையப் பாத்தாங்கன்னா நம்ம மானம் கப்பலேறிப் போயிரும்."

வழக்கமாக ஒவ்வொரு மூட்டையிலும் ஏறி நின்று மிதித்துத்தான் வாயைக் கட்டுவேன். மிதித்தால் துணி அடங்கும், இன்னும் ரெண்டு மூட்டைக்கு இடம் கிடைக்கும். அன்றைக்கு அவர் பறந்த பறப்பில் சிலதை மிதித்தேன், சிலதை அப்படியே கட்டினேன்.

பின்கதவு திறந்துதான் கிடந்தது. பாட்டுச் சத்தம் எதுவும் வரவில்லை. பெரியவர்கள் சிரிக்கிற சத்தமும் கைதட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன. எட்டிப் பார்க்கலாம் என்று கழுத்தை நீட்டினேன். தவசி ஹாரன் அடித்தான்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாப்ளை மாதிரி எட்டி எட்டிப் பாக்குறீக?"

"இர்றா, புள்ள ஆடுதான்னு பாக்குறேன்."

"சாயந்தரம் வீட்டுல ஆடச் சொல்லிப் பாத்துக்கங்க. குடோன்ல ஓனர் நிக்கிறாரு, நம்மள ஆடவிட்டுருவாரு."

கதவை ஒட்டிக் கிடந்த மூட்டை வாய் திறந்து கிடந்தது. பிடித்துத் தூக்கப் போகும்போது உள்ளே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. பூனை என்று நினைத்தேன். வேஸ்ட் மூட்டையில் பூனை குட்டி போடுவது எங்களுக்குப் புதிதல்ல. மூட்டையை ஓங்கி அறைந்தால் தாய்ப்பூனை பாய்ந்து ஓடும், பிறகு குட்டிகளை எடுத்து ஓரமாக விடுவோம். அறைந்தேன். ஒன்றும் ஓடவில்லை. அசைவும் நின்றுவிட்டது. மேலே கிடந்த துணியை உள்ளே அழுத்தி, கிழிந்த பனியன் நாடாவால் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முதுகில் ஏற்றினேன். முதுகில் ஓரிடம் மட்டும் கதகதப்பாக இருந்தது. வெயிலில் கிடந்த மூட்டைதானே.

குடோனில் வண்டியிலிருந்து மூட்டைகளை உருட்டிவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே பரணி பிரஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. என் போன் அடித்தது. சத்யப்பிரியா டீச்சர்.

"தேஜு அப்பா, அவ உங்ககூட வந்தாளாங்க?"

"இல்லையே டீச்சர். நான் குடோன்ல இருக்கேன்."

அந்தப் பக்கம் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. ரங்காத்தாளாக இருக்க வேண்டும்.

"அப்பா, கொஞ்சம் வர்றீங்களா. தேஜுவக் காணோம்."

பீடி கையைச் சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. தவசிதான் தட்டிவிட்டான். வண்டியைத் திருப்பி, சிவப்பு விளக்கு எதையும் பார்க்காமல் ஓட்டிவந்து என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டான்.

"நீங்க உள்ள பாருங்கண்ணே. நான் அக்காவக் கூட்டியாறேன்," என்று விஜயராணியின் கம்பெனிக்குப் பறந்தான்.

வாசலில் கூட்டம் நின்றது. அக்கம்பக்கத்துக் கம்பெனி ஆட்கள், பேக்கரிக்காரர், வழியில் போனவர்கள். நடுவில் நிரஞ்சன். இரண்டு பேர் அவர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. சோனு அவர் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டுக்கொண்டிருந்தான்.

"இவந்தான் தெனமும் அந்தப் புள்ளைக்கு பிஸ்கட் குடுத்துப் பழக்கினவன்," என்றார் ஒருவர்.

"வாய் பேசாத புள்ளையாப் பாத்து எடுத்திருக்கான் பாரு. கத்தக்கூட முடியாதுல்ல."

"வடக்க ரயில் ஏத்திவிட்டிருப்பான். நாலு போடுங்க, தன்னால கக்குவான்."

அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பார்த்தபோது என் கையில் அவர் சட்டைக் காலர் இருந்தது.

"எங்கடா என் புள்ள? சொல்றா, எங்கடா வச்சிருக்க?"

"அண்ணா, நான் இப்போ வந்தது," என்றார் நிரஞ்சன். உதடு கிழிந்திருந்தது. "ஷிப்ட் முடிஞ்சு சோனு கூட்டிப் போக வந்தது. பாப்பா நான் பாக்கலை அண்ணா. சோனு மேல சத்தியம்."

ரங்காத்தாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"அவர உடுங்க தேஜு அப்பா! பாவம், புள்ளையக் காணோம்னு நாங்க தேட ஆரம்பிச்சதுக்கு அப்பறந்தான் அவரு வண்டியே வந்துச்சுங். எத்தன தடவ சொல்லீட்டேன், இந்த மனுசங்க காதுல ஏறுதா? நடந்தது வேறங்க."

"என்ன நடந்துச்சு?"

"எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங். புள்ளைக எல்லாம் வட்டமா நின்னுச்சுங்க. விருந்தாளிக உள்ள வந்தாங்க. எல்லார் கழுத்துலயும் அட்டை. நம்ம டீச்சர் கழுத்துலயும் இன்னிக்கு ஒரு அட்டைய மாட்டியுட்டிருந்தாங்க. அம்புட்டுத்தானுங். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பாதிப் புள்ளைகளக் காணோம். மேசைக்கு அடியில, பாய்க்குள்ள, கதவு மறைவுல, தண்ணி டிரம்முக்குப் பின்னால. சத்தம்னு ஒரு பொட்டுச் சத்தம் இல்லீங்க. இரும்பு போட்ட காலோட அந்தக் கவின் போயி பீரோவுக்குப் பின்னால பல்லியாட்டம் ஒட்டி நிக்கறான். எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வெள்ளக்காரம்மா என்னமோ கண்ணாமூச்சி வெளையாட்டுன்னு நெனச்சுட்டுக் கையத் தட்டிச் சிரிக்கறாங்க. படம் புடிக்கறாங்க. டீச்சர் பேர் சொல்லிக் கூப்புடக் கூப்புட ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சுங். தேஜு மட்டும் வரலை. அதுக்குக் கூப்புட்டாக் கேக்காதுங்களே."

கைதட்டுகிற சத்தத்தை நான் கேட்டேன். பின்கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டேன்.

பவர் டேபிளில் வளர்ந்த பிள்ளைகள். அட்டையைக் கண்டால் துணிக்குள் போ. பின்கதவு திறந்து கிடந்தது. கதவை ஒட்டி வாய் திறந்த மூட்டை. உள்ளே ஏதோ அசைந்தது. அறைந்தேன். அசைவு நின்றது.

நிரஞ்சனின் காலரைப் பிடித்த கை இன்னும் விடவில்லை. இப்போது விழாமல் இருக்க அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்," என்றேன். "தூக்கிட்டுப் போனது நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. "மூட்டையில இருக்கா. குடோன்ல இருக்கா. பிரஸ் ஓடுது," என்று கத்தினேன். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். கையை முறுக்கிப் பிடித்திருந்தவர்கள் மெல்ல விட்டார்கள். பேக்கரிக்காரர் பின்னால் நகர்ந்தார்.

பரணிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பிரஸ் ஓடும்போது அவன் போன் வாட்ச்மேன் அறையில் சார்ஜில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தேன். ஓனரும் போனை எடுக்கவில்லை. "நான் ஆட்டோ புடிச்சு வர்றேன், நீங்க முன்னால போங்க," என்றார் டீச்சர். சோனுவை ரங்காத்தாள் தூக்கிக்கொண்டாள். விஜயராணியை நேரே குடோனுக்குக் கூட்டிவரும்படி தவசிக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

நிரஞ்சன் தன் பைக்கை உதைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏறு அண்ணா."

வழி முழுக்க எனக்கு ஒரே கேள்வி. அந்த மூட்டையை மிதித்தேனா? சந்தில் முதலில் எடுத்ததை மிதித்தேன், நினைவிருக்கிறது. கதவோரம் கிடந்ததை? அறைந்தது தெரிகிறது, கட்டியது தெரிகிறது, நடுவில் காலைத் தூக்கி ஏறினேனா என்பது மட்டும் வரவில்லை. கால் செய்கிற வேலையை மனசு எங்கே பார்க்கிறது? வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. என் செருப்பைக் குனிந்து பார்த்தேன். பார்த்தால் என்ன தெரியும். தூசிதான் இருந்தது. பைக் ஓடும்போதே இரண்டு செருப்பையும் உதறிவிட்டேன்.

வெறுங்காலோடு குடோனுக்குள் ஓடி பிரஸ்ஸின் சிவப்புப் பட்டனை அடித்தேன். சத்தம் நின்றது.

"என்னண்ணே, என்னாச்சு?" என்று மேலேயிருந்து எட்டிப் பார்த்தான் பரணி.

"செட்டுப் பள்ளிக்கூடத்து லோடு எங்கடா?"

"அதுதாண்ணே ஓடிக்கிட்டிருக்கு."

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே குதித்தான். நிரஞ்சன்தான் பேசினார். அவர் தமிழில் இரண்டே சொல்: "உள்ளே பாப்பா."

பரணி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஐயோ, மூட்டையப் பிரிச்சுக் கொட்டுறது அந்தப் பொம்பளையாளுகண்ணே, நான் லீவர்தான் இழுக்குறேன், நான் பாக்கலைண்ணே..." பிரித்துக் கொட்டுகிற பெண்கள் அவிழ்த்த நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றார்கள். "புள்ளை எதுவும் விழுகலைங்க," என்றாள் ஒருத்தி. பிறகு, "கத்தையாத்தான் கொட்டுவோம்," என்றாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

பிரஸ்ஸின் கதவைத் திறந்தோம். பாதி நசுங்கிய பேல் சுவர்போல் நின்றது. அதன் நடுவிலிருந்து ஒரு குட்டிக் கை நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் துணிக் கை.

என் வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையதா என்று தெரியவில்லை. நிரஞ்சன் முன்னே போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். வெறும் சட்டைக் கை. உள்ளே ஒன்றும் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தைத்து, அளவு தப்பி, ரிஜெக்ட் ஆன சட்டை. அவர் அதை என் பக்கம் திருப்பி, கைக்குள் தன் இரண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். "காலி அண்ணா. காலி." அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டிவைத்த பேலின் பட்டைகளையும் வெட்டினோம். பட்டை தெறித்ததும் பேல் மூச்சு விடுவதுபோல் உப்பியது. கிளறினோம். துணி, துணி, துணி.

மீதி மூட்டைகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து வந்த எல்லாக் கம்பெனி மூட்டைகளும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைச் சாக்கு. நான் பரணியின் கத்தியைப் பிடுங்கி முதல் மூட்டையைக் கிழிக்கப் போனேன். நிரஞ்சன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கத்தி வேணாம் அண்ணா. உள்ளே பாப்பா."

கத்தியைப் போட்டுவிட்டு மூட்டைகளை அறைந்தேன். "தேஜு, தேஜு," என்று கூப்பிட்டேன். கேட்காது என்று தெரிந்தே கூப்பிட்டேன். எல்லாரும் கூப்பிட்டார்கள். ஒரு மூட்டையும் அசையவில்லை. அசையாமல் இருக்கத்தானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

தவசியின் வண்டி வந்து நின்றது. விஜயராணி இறங்கி வந்த விதத்தைப் பார்த்தால் அவன் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அழவில்லை. என்னைப் பார்க்கவில்லை. கம்பெனி அட்டை அவள் கழுத்தில் தொங்கியது. அதைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் செருகினாள்.

"எல்லாரும் எட்டப் போங்க. யாரும் மூட்டையத் தொடாதீங்க. மூட்டையப் போட்டு அறைஞ்சது யாரு?"

"நான்தான்," என்றேன்.

"அறைஞ்சா வரமாட்டா. அறைஞ்சா இன்னும் உள்ள போயிருவா."

முதல் மூட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மெதுவாக இரண்டு தட்டு. பிறகு மேலிருந்து கீழே ஒரு தடவு, பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல. காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. அடுத்த மூட்டை. இரண்டு தட்டு, ஒரு தடவு. குடோனில் அத்தனை பேர் நின்றோம். அவள் கை சாக்கில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேலே கிடந்த மூட்டைகளை நானும் நிரஞ்சனும் முட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி ஓரமாக வைத்தோம். அடியில் கிடந்தவற்றைத் தட்டினாள், தடவினாள்.

சுவரை ஒட்டிக் கிடந்த ஒரு மூட்டை. தட்டினாள். தடவினாள்.

மூட்டை உள்ளிருந்து தட்டியது.

இரண்டு தட்டு.

விஜயராணி அதன்மேல் விழுந்தாள். நான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். நானே போட்ட முடிச்சு, என் விரலுக்கு வரவில்லை. வியர்வையில் நாடா இறுகிக் கிடந்தது. நிரஞ்சன் குனிந்து, ரத்தம் காயாத உதட்டோடு, பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது.

துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்தது. முகம் வரவில்லை, கை மட்டும். இரண்டு விரலை விரித்து, கழுத்து இருக்க வேண்டிய இடத்தின் இரண்டு பக்கத்திலும் மேலிருந்து கீழே இழுத்தது. பிறகு விரிந்து வெளியே வீசிக் காட்டியது.

அட்டைக்காரர்கள் போய்விட்டார்களா?

விஜயராணி அந்தக் கையைப் பிடித்து உள்ளங்கையில் எதையோ எழுதுவதுபோல் தேய்த்தாள். போய்விட்டார்கள்.

தேஜஸ்ரீ எழுந்தாள். முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. இமையில் பஞ்சு. ஒரு சடையின் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. நான் அவள் கால், கை, முதுகு, விலா எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். தோளில் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அது என் அறையா, உருட்டிவிட்டபோது பட்டதா, தெரியவில்லை. மிதித்த தடம் இல்லை. மிதிக்கவில்லை, நான் மிதிக்கவில்லை.

அவள் எங்கள் முகத்தை எல்லாம் மாறி மாறிப் பார்த்தாள். ஏன் எல்லாரும் அழுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, தன்னைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி விறைப்பாக நின்று காட்டினாள். பிறகு சிரித்தாள். நான் அசையவே இல்லை என்கிறாள். அடித்தார்கள், தூக்கினார்கள், தூக்கிப் போட்டார்கள், அப்போதும் அசையவில்லை என்கிறாள். கெட்டிக்காரி என்று சொல்வோம் என்று காத்திருந்தாள்.

பிரித்துக் கொட்டுகிற பெண்களில் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

நிரஞ்சன் கிழிந்து தொங்கிய பையிலிருந்து நொறுங்கிப்போன பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். இருந்ததில் முழுசாக ஒன்றைத் தேடி எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, சோனு எங்கே என்று சாடையில் கேட்டாள். "ஸ்கூல்," என்று அவர் கையைக் காட்டினார். அந்த உதட்டை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சத்யப்பிரியா டீச்சர் இறங்கி, செருப்பு ஒரு பக்கம் புடவை ஒரு பக்கமாக, "கெடச்சுட்டாளா? தேஜு! கண்ணு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடி வந்தார். ஓடி வருகிற வேகத்தில் அவர் கழுத்தில் அட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

தேஜஸ்ரீயின் கையிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது.

நான் பிடிப்பதற்குள் என் கைக்கு அடியில் நழுவிப் போய்விட்டாள். மூட்டைக்குள் தலை போயிற்று, உடம்பு போயிற்று, கடைசியாக அவிழ்ந்த ரிப்பனும் போயிற்று. துணி ஒருமுறை குலுங்கி அடங்கியது.

டீச்சர் நடுக் குடோனில் நின்றுவிட்டார். எல்லாரும் தன் நெஞ்சைப் பார்ப்பதைப் பார்த்துக் குனிந்து தானும் பார்த்தார். அட்டையைப் பிடித்து இழுத்தார். நாடா கொண்டையில் மாட்டிக்கொண்டது. முடியோடு சேர்த்துப் பிய்த்து எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

விஜயராணி மூட்டையருகே உட்கார்ந்தாள். இரண்டு தட்டு, ஒரு தடவு. காத்திருந்தாள். மறுபடி இரண்டு தட்டு, ஒரு தடவு.

போய்விட்டார்கள் என்று அம்மா சொல்லித்தான் முதல் தடவை வெளியே வந்தாள். வந்தால் அட்டைக்காரர் நிற்கிறார்.

"வாடி தங்கம்," என்றாள் விஜயராணி, கேட்காத பிள்ளையிடம். தட்டினாள். தடவினாள். மூட்டை அசையவில்லை.